மடிக்கணினியைத் தெரிவு செய்ய வேண்டியவர் யார்?

க.பொ.த. உயர்தர வணிகப் பிரிவு மாணவி

எங்கள் ஊர் வீடுகளில் ஒரு தையல் மெஷின் வாங்குவதென்றால், அதில் தைக்கப் போகும் பெண்ணைக் கடைக்கு அழைத்துச் செல்லாமல் யாரும் வாங்குவதில்லை. அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மிதித்துப் பார்த்து, ஒரு துண்டுத் துணியில் இரண்டு வரி ஓட்டிப் பார்த்து, "இது நல்லம்" என்று சொன்ன பிறகுதான் வாப்பா பணத்தை எண்ணுவார். தைப்பவருக்குத்தான் மெஷினின் அருமை தெரியும் என்பதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆனால் அதே வீட்டில், அதே பெண் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று ஒரு மடிக்கணினி வாங்கும் பேச்சு எழுந்தால் கதை மாறிவிடுகிறது. நானா ஒன்று சொல்வார். மாமா வேறொன்று சொல்வார். கட்டாரில் இருக்கும் சாச்சா வட்ஸ்அப்பில் நான்கு படங்களை அனுப்புவார். பக்கத்து வீட்டில் கம்பியூட்டர் படித்த பையனிடமும் ஆலோசனை கேட்கப்படும். அந்தக் கணினிக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் உட்காரப் போகிறவரிடம் மட்டும், "நீ இதில் என்ன வேலை செய்யப் போகிறாய்?" என்று எவரும் கேட்பதில்லை. நிறம் என்ன வேண்டும் என்று வேண்டுமானால் கேட்பார்கள்.

வீட்டிலிருந்து உழைக்கப் போகும் பெண்ணின் மடிக்கணினியை அந்தப் பெண்ணே தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்வதற்கான அறிவை அவர் தேடிக்கொள்ளவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து. உரிமையைக் கேட்கும் நாம் அதற்குரிய தகுதியையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏன் இது சிறிய விடயம் அல்ல?

நமது நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களிலோ பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் இருக்கின்றனர். படிப்பில் நம் பெண்கள் பின்தங்கியவர்கள் அல்லர். பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களிலும் பார்க்க மாணவிகளே கூடுதலாகச் செல்கிறார்கள். படித்து முடித்த பிறகு அந்தப் படிப்பு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் மாவனல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீற்றர் அளவு தூரம். கண்டி வீதியில் பஸ் ஏறினால் போவதற்கு மூன்று மணித்தியாலம், வருவதற்கு மூன்று மணித்தியாலம். அலுவலக நேரத்தில் களனிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அதற்கும் மேலாகிவிடும். தினமும் போய் வர முடியாது. போடிங்கில் தங்க வைப்பதற்குப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. திருமணமாகிக் கைக்குழந்தை இருந்தால் பேச்சே இல்லை. இப்படித்தான் கணக்கியல் படித்தவர்களும், ஆங்கிலத்தில் நன்றாக எழுதக்கூடியவர்களும் சான்றிதழை அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் காரணமாக நாடு முடக்கப்பட்டபோது ஒரு கதவு திறந்தது. அலுவலகத்துக்கு வராமலே கணக்குப் பார்க்கலாம், மொழிபெயர்க்கலாம், பாடம் நடத்தலாம், வடிவமைப்புச் செய்யலாம் என்று நிறுவனங்களே கண்டுகொண்டன. அந்தக் கதவு நம்மைப் போன்ற ஊர்களில் உள்ள பெண்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதற்குள் நுழைவதற்குக் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் ஒரு கணினி. இலங்கையிலோ ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் கணினி வாங்கப்படும்போது அது சரியாக வாங்கப்பட வேண்டும். பிழையாக வாங்கினால் மீண்டும் ஒரு தடவை வாங்கும் வசதி பெரும்பாலான வீடுகளில் கிடையாது.

"போனிலேயே செய்யலாம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சில வேலைகளைச் செய்யலாம். கேக் செய்து விற்கும் ஒருவர் ஓடர் எடுப்பதற்குப் போன் போதும். ஆனால் பன்னிரண்டு நிரல்கள் உள்ள ஒரு எக்செல் தாளை ஆறு அங்குலத் திரையில் விரித்துச் சரிபார்க்கச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கண் கலங்கிவிடும்.

முதலில் வேலை, பிறகு கணினி

கடந்த வருடம் என் தாத்தாவுக்குக் கொழும்பிலுள்ள ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தது. கணினி நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நான் மேலே சொன்ன ஆலோசனைகள் எல்லாம் எங்கள் வீட்டிலும் வந்து குவிந்தன. தாத்தா எவரோடும் வாதாடவில்லை. ஒரு கொப்பித் தாளில் தனது ஒரு நாள் வேலையை எழுதினார்: கணக்கு மென்பொருள் ஒன்று, எக்செல் கோப்புகள் மூன்று நான்கு, இணைய உலாவியில் பத்துப் பக்கங்கள், வாரத்தில் இரண்டு சூம் கூட்டங்கள், அவ்வப்போது ஒரு தமிழ்க் கடிதம். விளையாட்டு இல்லை, வீடியோ எடிட்டிங் இல்லை. அந்தத் தாளை மேசையில் வைத்தபோது பாதி ஆலோசனைகள் தாமாகவே விழுந்துவிட்டன.

கணினி வாங்க நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். கணக்கு, தட்டச்சு, மொழிபெயர்ப்பு ஆகிய வேலைகளுக்கு வேகமான கிராபிக்ஸ் எதுவும் வேண்டாம். நல்ல விசைப்பலகையும், எழுத்துத் தெளிவாகத் தெரியும் திரையும் வேண்டும். சூமில் பாடம் நடத்துபவருக்குக் கெமராவும் மைக்கும் முக்கியம். ஒரு சாதாரண ஹெட்போன் வாங்கினால் மைக் பிரச்சினை தீர்ந்துவிடும். போஸ்டர், புத்தக அட்டை வடிவமைப்பவருக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் திரையும் 16 ஜிபி ரெம்மும் தேவை. மென்பொருள் எழுதப் போகிறவருக்கும் அப்படியே. எல்லோருக்கும் பொருந்தும் "நல்ல லெப்டொப்" என்று ஒன்று கிடையாது.

கடையில் சொல்லப்படும் பெயர்களைக் கேட்டு மயங்கவும் கூடாது. "இது ஐ 7, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ 3, ஐ 5, ஐ 7 என்ற பெயர்கள் பல வருடங்களாக ஒரே மாதிரி இருந்தன. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளே இருக்கும் சில்லு மாறிக்கொண்டே வந்தது. பத்து வருடத்துக்கு முந்திய நான்காம் தலைமுறை ஐ 7 ஐ விட, பன்னிரண்டாம் தலைமுறை ஐ 5 மிக வேகமாக வேலை செய்யும். ஐ 7 என்ற எழுத்தைப் பார்த்தால் போதாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் வாசிக்க வேண்டும். 4 என்று தொடங்கும் இலக்கம் நான்காம் தலைமுறை, 12 என்று தொடங்குவது பன்னிரண்டாம் தலைமுறை.

இந்தத் தலைமுறை விடயம் இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்குப் பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நமது சந்தையில் பளபளவென்று துடைக்கப்பட்டு, மலிவு விலைக்கு நிற்கின்றன. மற்றவர்களின் கணக்குகளை வைத்து வேலை செய்யும் ஒருவர், பாதுகாப்பு ஆதரவு இல்லாத கணினியில் அவற்றை வைத்திருப்பது அமானிதத்துக்குப் பொருத்தமா என்று யோசிக்க வேண்டும்.

அதற்காகப் பாவித்த கணினியே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய, முன்பு ஒரு அலுவலகத்தில் இருந்த, கட்டுமானம் உறுதியான கணினி ஒன்று, அதே விலைக்குக் கிடைக்கும் மிக மலிவான புதியதைவிட நன்றாக உழைக்கக்கூடும். புதியது என்று 4 ஜிபி ரெம்மோடு விற்கப்படும் செலரோன் கணினிகளில் உலாவியையும் சூமையும் ஒன்றாகத் திறந்தாலே திணறத் தொடங்கிவிடும். அவற்றில் சிலவற்றில் ரெம் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் பின்னர் கூட்டவும் முடியாது. இன்றைய நிலையில் அலுவலக வேலைக்கு 8 ஜிபி ரெம்மும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்.எஸ்.டி. யும் குறைந்த எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரெம்மைப் பிறகு கூட்ட முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து தரும் கணினியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்போடு வருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் உறவுக்காரப் பெண்ணொருவர் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். அவருக்கு அப்படி வந்தது விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட ஒரு கணினி. பாரம் இரண்டரைக் கிலோ, மின்விசிறிச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும், பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்காது. விசைகளில் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் இருக்கிறது. தேவையான தமிழ் எழுத்தைக் காணோம். அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே உத்தரவாதம் செல்லுபடியாகுமா என்று வாங்குவதற்கு முன்னர் எவரும் விசாரிக்கவுமில்லை. அனுப்பியவர் செலவழித்த பணத்தில் பாதிக்கே அவருக்குப் பொருத்தமான ஒன்றை வாங்கியிருக்கலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற தெரிவு

வெளிநாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துக் கணினி தெரிவு செய்பவர்கள் நம் நாட்டின் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எங்கள் வகுப்பில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நிலை இப்போது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரமானால் இடி மின்னல் தொடங்கிவிடும். எங்கள் கேகாலை மாவட்டத்தில் அந்த நேரம் பிளக்குகளைக் கழற்றி வைப்பது வழக்கம். மேசைக் கணினியாக இருந்தால் வேலை அத்துடன் முடிந்தது. நல்ல பற்றரி உள்ள மடிக்கணினியாக இருந்தால் கழற்றிவிட்டும் தொடரலாம். ஆகவே நமக்குப் பற்றரி என்பது பயணத்துக்கான வசதி மட்டுமல்ல.

ஆனால் கணினி எரிந்துகொண்டிருக்க, இணையம் அணைந்துவிடும். ரவுட்டரும் மின்சாரத்தில்தானே இயங்குகிறது! ரவுட்டருக்கென்று சிறிய யு.பி.எஸ். பெட்டிகள் கிடைக்கின்றன. அல்லது போனின் ஹொட்ஸ்பொட் கைகொடுக்கும். யு.எஸ்.பி. டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினியாக இருந்தால், தகுந்த வலுவுள்ள பவர் பேங்க் ஒன்றும் உதவும். இவற்றுக்கும் சேர்த்தே பணத்தை ஒதுக்க வேண்டும். முழுப் பணத்தையும் கணினிக்கே கொடுத்துவிட்டு, மௌஸ் வாங்கக் காசில்லாமல் நிற்கக் கூடாது.

மௌஸைச் சொன்னதால் கழுத்தையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினி என்று பெயர் இருந்தாலும் அதை மடியில் வைத்து நாள் முழுவதும் வேலை செய்யக் கூடாது. திரை தாழ்ந்திருப்பதால் தலை குனிந்தே இருக்கும். நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கணினியை வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனியாக ஒரு விசைப்பலகையையும் மௌஸையும் இணைத்துக்கொண்டால் கழுத்து தப்பும். செலவு சில ஆயிரம் ரூபாதான்.

தமிழில் வேலை செய்பவர்கள் கடையிலேயே தமிழ் தட்டச்சைப் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது. நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் பழகியவர்களே அதிகம். இன்று அரச அலுவலகங்களும் இணையத்தளங்களும் கேட்பது யுனிகோட். இரண்டையும் விண்டோஸில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் விசைகள் ஆழமாக அழுந்துகின்றனவா, இடைவெளி போதுமா என்பதை விரல் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். தாத்தா பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நின்றுகொண்டே ஒரு முழுப் பந்தி தமிழில் தட்டச்சு செய்து பார்த்தார். வாப்பாவும் நானும் பக்கத்தில் காத்திருந்தோம். மூன்றாவது கணினியில்தான் அவருடைய முகம் தெளிந்தது.

பணத்தைப் பற்றி

கணினி இறக்குமதிப் பொருள். டொலரோடு அதன் விலையும் ஏறும். 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. ஆகவே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய செலவு என்பதை நான் மறுக்கவில்லை. "நாளைக்குக் கலியாணம் கட்டிப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்று கேட்கும் பெரியவர்களின் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு வேறு விடை தருகிறது.

நாங்கள் கணக்கீட்டில் படிக்கும் பெறுமானத்தேய்வை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு கணினியின் விலை 2,00,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் பாவித்து, இறுதியில் 20,000 ரூபாவுக்கு விற்கலாம் என்றால், தேய்வது 1,80,000 ரூபா. நாற்பத்தெட்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 3,750 ரூபா. ஒரு நாளைக்கு 125 ரூபா. கொழும்பில் ஒரு போடிங் அறையில் ஒரு கட்டிலுக்குக் கொடுக்கும் மாத வாடகை இதைவிட எத்தனை மடங்கு என்பது பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்குத் தெரியும். ஒரு தங்க வளையலுக்கு ஒப்பிட்டும் இதைச் சிலர் பேசுவார்கள். வளையல் பெறுமதியைச் சேமித்து வைக்கும், உண்மை. கணினி பெறுமதியை உழைத்துத் தரும். கணக்கேட்டில் இது வீட்டுச் செலவின் பக்கம் எழுதப்பட வேண்டியதல்ல. சொத்தின் பக்கம் எழுதப்பட வேண்டியது.

பணம் திரட்டும் வழியிலும் நமக்கு அவதானம் தேவை. மாதத் தவணை என்று சொல்லி வட்டியை உள்ளே மறைத்து வைக்கும் திட்டங்கள் நிறைய. "வட்டி இல்லை" என்று விளம்பரப்படுத்திவிட்டு, கையில் காசு கொடுத்தால் வேறு விலை, தவணைக்கு வேறு விலை என்று சொல்வதும் நடக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து மொத்தத்தில் எவ்வளவு, தாமதமானால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் மார்க்கம் அறிந்தவர்களிடம் விசாரிக்கவும் வேண்டும். உறவினர்களுக்குள் போடும் சீட்டு, வட்டியில்லாக் கடனான கர்ழன் ஹஸனா, இஸ்லாமிய வங்கி முறையிலான முராபஹா என்று வழிகள் இருக்கின்றன. கொடுக்கக்கூடியவர்கள் ஒரு பெண்ணின் கணினிக்குக் கர்ழன் ஹஸனா கொடுத்தால், ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு அது தொடக்கமாக அமையும்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம். எங்கள் சிநேகிதியின் வீட்டில், தெரிந்தவர் கடை என்ற நம்பிக்கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு பாவித்த கணினியை வாங்கினார்கள். இரண்டாம் மாதம் திரை இருண்டது. கடைக்காரர் தாம் அதை விற்றதையே நினைவுபடுத்த முடியவில்லை என்றார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு அது யாருடையது?

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். கணினி வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லோரும் அந்தப் பெண்ணை வாழ்த்துவார்கள். இரண்டாவது வாரம் தம்பி ஒரு விளையாட்டை ஏற்றிவிடுவான். மூன்றாவது வாரம் சின்னவளின் சூம் வகுப்புக்கு அது போய்விடும். நானா படம் பார்க்கக் கேட்பார். வேலைக்கென்று வாங்கியது வீட்டுக்கென்று ஆகிவிடும். பகிர்ந்துகொள்வது நல்ல பண்புதான். ஆனால் முச்சக்கர வண்டி ஓட்டும் சாச்சாவிடம், அவர் ஹயருக்குப் போகும் நேரத்தில் வண்டியைத் தாருங்கள் என்று எவரும் கேட்பதில்லையே! அது அவருடைய உழைப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் கணினியும் அப்படிப்பட்டதுதான். மேலும் அதில் இருப்பவை பிறருடைய கணக்குகள், பிறருடைய ஆவணங்கள். அவற்றைப் பாதுகாப்பதாக அவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகக் குறைந்தது அவருக்கென்று ஒரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும்.

"கடவுச்சொல் எதற்கு? எங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இணையத்தைப் பற்றிய அவர்களுடைய பயம் வெறும் கற்பனை அல்ல. மோசடிக்காரர்களும் தொல்லை கொடுப்பவர்களும் உண்மையில் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து கணினியைப் பறிப்பதல்ல. வேலை தருபவர் யார், நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா, முன்பணம் கேட்கிறார்களா என்று சேர்ந்து விசாரிப்பதுதான். வேலை தருவதற்கு நம்மிடம் பணம் கேட்பவர் வேலை தருபவரே அல்லர். இதை வாப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் பயமும் தீரும், நம்பிக்கையும் வளரும்.

நேரமும் கணினியைப் போன்றதுதான். "வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற ஒரு வார்த்தை எத்தனை பெண்களின் வேலையைக் கெடுத்திருக்கிறது! விருந்தாளி வந்தால் தேநீர் ஊற்ற அவர்தான் எழும்ப வேண்டும். பிள்ளை அழுதால் அவர்தான் தூக்க வேண்டும். கூட்டத்தின் நடுவில் அடுப்பில் கறி பார்க்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது வேலையின் இடத்தை மாற்றுகிறதே தவிர, வேலையைக் குறைப்பதில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை, மூடக்கூடிய ஒரு கதவு, கதவு இல்லாவிட்டால் ஒரு திரைச்சீலை, காலை ஒன்பது மணி முதல் லுஹர் வரை என்று எல்லோரும் மதிக்கும் ஒரு நேரம் ஆகியவை கிடைக்காவிட்டால், இரண்டு இலட்சம் ரூபாக் கணினியாலும் பயனில்லை.

இதில் புதிதாக நான் எதையும் கேட்கவில்லை. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் வணிகக் கூட்டத்தோடு தாமே பயணம் செய்யாமல், நம்பிக்கையானவரிடம் பொருளை ஒப்படைத்துச் சிரியா வரை வியாபாரம் நடத்தியவர்கள். மூலதனம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. பெண் சம்பாதித்ததில் உள்ள பங்கு பெண்ணுக்குரியது என்பதை ஸூறா அந்நிஸா நமக்குக் கற்றுத் தருகிறது. வருமானம் அவருடையது என்று மார்க்கம் சொல்லும்போது, அந்த வருமானத்தை ஈட்டும் கருவி மட்டும் எப்படி எல்லோருடையதுமாக முடியும்?

ஆகவே பெற்றோரிடம் நான்கு விடயங்களைப் பணிவாகக் கேட்கிறேன். உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ கணினி வாங்கும்போது, முதலில் அவருடைய வேலைப் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் தட்டச்சு செய்து பார்க்கும் வரை காத்திருங்கள். பற்றுச்சீட்டில் அவருடைய பெயரை எழுதச் சொல்லுங்கள்.

என் சகோதரிகளிடம் கேட்பது ஒன்றுதான். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை நமக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும். அந்த நாட்களில் ஒரு கணினியின் விபரத் தாளை வாசிக்கப் பழகுங்கள். தலைமுறை இலக்கம் எது, ரெம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. உண்டா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று நீங்களே கேட்டால், கடைக்காரரும் உங்களிடமே பேசுவார். தெரியாத பொருளைத் தெரிவு செய்யும் பொறுப்பு எப்போதும் தெரிந்தவருடைய கைக்கே போய்விடும். அந்தத் தெரிந்தவராக நாமே இருப்போம்.